மழை மறந்த மூலையில் ஒரு கிணறு

"கேரளத்தில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?" என்று நம்மிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களைக் கொழிஞ்சாம்பாறைக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழர்கள் பெருமளவில் வாழும் ஊர் அது. பனைமரமும் கரிசல் மண்ணும் பொள்ளாச்சிப் பக்கத்தையே நினைவூட்டும்.

மழை குறைவதற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. கணவாயிலோ மோதுவதற்கு மலை இல்லை. ஈரக்காற்று நேரே கிழக்கே கடந்து விடுகிறது. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சித்தூரின் கிழக்கு ஓரத்தில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை.

ஆகவே இங்கே வாழ்வு கிணற்றை நம்பியது. நம் பாட்டன்மார் பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். மாடும் மனிதரும் களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் ஊற்று மீண்டும் ஊறும். மின் பம்பும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அந்த ஓய்வு போயிற்று.

நிலத்தடியில் என்ன நடக்கிறது? மேலே சிதைந்த பாறையும் மண்ணும் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கின்றன. அதன் கீழே கெட்டிப்பாறை. அங்கே வெடிப்புகளில் மட்டுமே நீர் இருக்கும். அந்த வெடிப்புகள் மேல்மண்ணோடு தொடர்புடையவை. ஆழத்தில் ஓயாது உறிஞ்சினால் மேலே உள்ள திறந்த கிணறு வற்றும். சித்தூர் வட்டாரத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 'அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட' பகுதியாக வகைப்படுத்தியது இதனால்தான்.

அருகிலுள்ள பிளாச்சிமடையை உலகமே அறியும். அங்கே கோக்கக் கோலா ஆலையால் கிணற்று நீர் குறைந்து கெட்டுவிட்டதென ஊர்மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. முன்னின்ற மயிலம்மா பழங்குடிப் பெண்மணி, 2007இல் மறைந்தார்.

ஆற்று நீருக்கும் வரம்பு உண்டு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் தரவேண்டும். கால்வாய் எட்டாத மேட்டு நிலத்துக்கு இன்றும் கிணறே கதி.

ஊரில் பங்குக் கிணறு உள்ள குடும்பங்கள் நம்மில் பல. "தண்ணீர் இல்லையே, மூடிவிடலாமா?" என்று ஊரிலிருந்து கேட்டால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம், கூரை மழைநீரை வடிகட்டித் திறந்த கிணற்றுக்குள் விட வழிகாட்டியது. குழாயும் மணலும் சரளையும் இருந்தால் போதும். குப்பை போடாமல் சுற்றுச்சுவர் கட்டிக் காப்பது அதைவிட எளிது. மூடிய கிணற்றைத் திரும்ப வெட்டுவது கடினம். காத்த கிணற்றுக்கு அடுத்த மழையிலாவது நீர் வரும்.