இன்னொருவர் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் இடம் உண்டா? வளர்ப்புப் பெற்றோர் ஆக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் பெரிய காஞ்சிபுரத்துக் குமரகோட்டம் என்பது மரபு. அந்தப் புராணத்தின் நாயகனைப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவை வளர்த்து ஆளாக்கியவர், அவர் ‘தொத்தா’ என்று அழைத்த ராஜாமணி அம்மாள். பிள்ளைப்பேறு இல்லாத அண்ணாவும் ராணி அம்மையாரும் பின்னாளில் அக்காளின் பேரப்பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

பெறாத பிள்ளையை வளர்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அதற்குச் சட்டம் வகுத்திருக்கும் வழியும், அரசு தரும் உதவியும்தான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

தத்து வேறு, வளர்ப்பு வேறு

தத்தெடுத்த குழந்தை எல்லா வகையிலும் அந்த வீட்டுப் பிள்ளை. சொத்துரிமையும் அதற்கு உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியல்ல. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையை வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது அது. பெற்றோருடனான உறவு அறுபடாது. குழந்தைக்குத் தீங்கு இல்லை என்றால் அவர்கள் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலைமை சீரானதும் பிள்ளை வீடு திரும்பலாம். சீராகாவிட்டால் 18 வயது வரை வளர்ப்பு வீட்டிலேயே இருக்கலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆவது பிரிவு, இதற்கு அடிப்படை.

யார் இந்தக் குழந்தைகள்? பெரும்பாலும் ஆறு வயதைக் கடந்தவர்கள். காப்பகத்தில் இருப்பவர்கள், விடுமுறை நாளிலும் யாரும் வந்து பார்க்காதவர்கள். தத்துக்குக் கேட்பவர்கள் கைக்குழந்தையையே நாடுவதால், பத்து வயதுச் சிறுவனுக்கும் மாற்றுத்திறன் உள்ள சிறுமிக்கும் வீடு கிடைப்பது அரிதாகிறது. காப்பகத்தில் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும். காய்ச்சல் வந்த இரவில் தனக்கென்று பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்; அதை ஒரு குடும்பம்தான் தர முடியும்.

யார் வளர்க்கலாம்?

கல்யாணமாகி இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் விண்ணப்பிக்கலாம். 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தனியாக வாழ்பவர்களுக்கும் கதவைத் திறந்தன. மணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர் என யாரும் கேட்கலாம். தனித்து வாழும் ஆணுக்கு மட்டும் பெண் குழந்தை தரப்படாது. தனியாக வளர்ப்பவருக்குக் குறைந்தது 35 வயதும், தம்பதியருக்கு இருவர் வயதையும் கூட்டினால் குறைந்தது 70-உம் ஆகியிருக்க வேண்டும். சொந்தப் பிள்ளை இருப்பது தடையல்ல.

தத்தெடுப்புக்கான மத்திய இணையதளத்தில் பதிவு செய்யலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரிலும் அணுகலாம். அலுவலர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வீட்டிலுள்ள எல்லோரிடமும் பேசுவார்கள். குழந்தையை ஒப்படைக்க உத்தரவிடுவது, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு. அண்ணன் தங்கை என உடன்பிறந்தவர்கள் இருந்தால் கூடியவரை பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம்.

என்ன உதவி கிடைக்கும்?

‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. முன்பு இது 2,000 ரூபாயாக இருந்தது. குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மனநல ஆலோசனை கேட்டுப் பெறலாம். சட்டப்படி தத்துக்கு உரிய நிலை வந்த குழந்தை என்றால், இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் அதைத் தத்தெடுக்கவும் கேட்கலாம். முன்பு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

உதவியோடு கண்காணிப்பும் வரும். குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வளர்ப்பு வீட்டைப் பார்வையிட வேண்டும். கவனிப்பு சரியில்லை என்றால் குழந்தையை வேறு குடும்பத்துக்கு மாற்றலாம்.

இது ஏன் தேவை என்பதைப் பட்டுத் தறி ஓடும் ஊர் நன்றாகவே அறியும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடுவதால், நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அந்தக் கை பல தறிகளில் ஒரு சிறுபிள்ளையின் கையாகவே இருந்தது. வாங்கிய கடனுக்காகக் காஞ்சிபுரத்துத் தறிகளில் குழந்தைகள் கட்டுண்டு கிடந்ததை ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு 2003-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. வளர்க்க வந்த பிள்ளை வேலைக்கு வந்த பிள்ளை ஆகிவிடக் கூடாது. குழந்தையைக் கட்டுப்படுத்தி வைத்து வேலை வாங்கினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

தாத்தா, பாட்டி, அத்தை வளர்த்தால்?

பெற்றோரை இழந்த பேரனை வளர்க்கும் பாட்டிக்கும் வழி இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருந்தால், மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுப் பிரிவில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 18 வயது வரையிலான பள்ளிப் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது.

நல்லெண்ணத்தோடு என்றாலும், ஆதரவற்ற குழந்தையைத் தங்களுக்குள் பேசி முடித்துத் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழி உண்டு. அப்படியொரு குழந்தை கண்ணில் பட்டால் முதலில் 1098-ஐ அழையுங்கள். வீட்டில் இடமும் மனமும் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்பதாலேயே யாரும் குழந்தையை உடனே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். யோசிக்க அவகாசம் கிடைக்கும். பிள்ளைப் பருவத்துக்கு மட்டும் அவ்வளவு அவகாசம் இல்லை.