ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் பாப்பா!

உளவாளி என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டு, கூலிங்கிளாஸ், மாடி விட்டு மாடி தாவல். அந்த ஆசாமியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள்... தீர்ந்தது ஜம்பம்!

'சக்' என்ற அமெரிக்க டி.வி. தொடரில் அதைத்தான் செய்தார்கள். 2007 முதல் 2012 வரை என்.பி.சி. சேனலில் ஓடிய காமெடி உளவுத் தொடர் இது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன் சக். எக்கச்சக்கமான அரசாங்க ரகசியங்கள் அவன் மண்டைக்குள் ஏறிவிடுகின்றன. காவலுக்கு வருகிறாள் சி.ஐ.ஏ. ஏஜென்ட் சாரா. காவல் காதலாகி, கல்யாணத்திலும் முடிகிறது.

2011 டிசம்பர் 30-ம் தேதி வந்த எபிசோடின் பெயரே 'சக் வெர்சஸ் தி பேபி'. கதை சில வருஷம் பின்னால் போகிறது. இடம் புடாபெஸ்ட். பொட்டலம் ஒன்றை மீட்டு வரச் சொல்கிறான் மேலதிகாரி ரைக்கர். அடியாட்களைத் துவைத்துப் போட்டுவிட்டு சாரா போய்ப் பார்த்தால்... பொட்டலம் என்பது ஒரு குழந்தை! அப்பா அம்மாவைப் பறிகொடுத்த, பெரும் சொத்துக்கு வாரிசான குழந்தை. ரைக்கரின் கண் சொத்தின் மேல்.

பத்துப் பேரை அடிக்கத் தெரிந்தவளுக்குப் பாப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். சகதர்மிணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். போன மாசம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மூணு மாசப் பேத்தியை அரை மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டு நான் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

அப்புறம்தான் சிரிப்பு நின்றது. குழந்தையைத் தன் அம்மாவிடம் ஒப்படைக்கிறாள் சாரா. அதோடு அம்மாவின் தொடர்பையே அறுத்துக்கொள்கிறாள். தான் போனால், பேசினால், எதிரிக்கு வழி தெரிந்துவிடும். பெற்ற பெண்ணின் சுவடே இல்லாமல், ஊரான் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்க்கிறாள் அந்தத் தாய். (அம்மாவாக நடித்த ஷெரில் லாட், 70-களின் 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' துப்பறியும் அழகி. பொருத்தம்தான்!)

ரைக்கர் திரும்பி வருகிறான், கடைசியில் ஒழிகிறான். அம்மாவும் பெண்ணும் சேருகிறார்கள். சண்டை எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. பாசத்தாலேயே பேசாமல் இருந்த அந்த வருஷங்கள்தான் நெஞ்சில் நிற்கின்றன.

நாலு நாளாக மகளிடமிருந்து போன் வரவில்லை. "அவளே பண்ணட்டும்" என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். எபிசோட் முடிந்ததும் நானே நம்பரைத் தட்டினேன்.

"என்னப்பா இந்நேரத்துல?" என்றாள் பதறிப்போய்.

"ஒண்ணுமில்லம்மா... சும்மாதான். நாலு நாளா பேசலியே..."

"குழந்தைக்கு ஜுரம்ப்பா. சொன்னா நீங்க ராத்திரி பஸ் பிடிச்சு வந்து நிப்பீங்க. அதான் சொல்லலே. இப்ப சரியாயிடுச்சு."

எனக்குத் தொண்டை அடைத்தது.

"தூங்கறாளா?"

"இப்பத்தான் தூங்கினா. உங்க போன் அடிச்சதுல எழுந்துட்டா... இந்தாங்க, நீங்களே தூங்கப் பண்ணுங்க!"

'வீல்' என்று கேட்டது. எந்த சி.ஐ.ஏ.வைக் கூப்பிடுவேன் நான்!