கடற்பாசி வைரஸைத் தடுக்குமா?

"டீச்சர், அகார்-அகார் சாப்பிட்டா சளிக்காய்ச்சல் வராதாமே, உண்மையா?" என்று படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள். புலனத்தில் வந்த செய்தியாம். 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால், அதில் பாதி அறிவியல் இருக்கிறது.

சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாவது கூட்டுச்சர்க்கரை. மாவுப்பொருள், செல்லுலோஸ் எல்லாம் அதுதான். சிவப்புக் கடற்பாசியில் கிடைக்கும் அகாரும் கராஜீனனும் அதே குடும்பம். (பேச்சுவழக்கில் தாவரம் என்றாலும் இவை பாசியினம், தேர்வில் கவனம்!) சபாவின் செம்போர்னா கடலில் கயிற்றில் கட்டி வளர்ப்பது கராஜீனன் தரும் வகை. இதில் சல்பேட் நிறைய; அகாரில் மிகக் குறைவு. விஷயமே இந்தச் சல்பேட்டில்தான்.

நம் உயிரணுவின் மேற்பரப்பிலும் சல்பேட் கொண்ட சர்க்கரைச் சங்கிலி உண்டு. ஹெபரான் சல்பேட் என்று பெயர், எதிர்மின்னேற்றம் உடையது. ஹெர்பிஸ், டிங்கி போன்ற பல வைரஸ்களின் புரதத்தில் நேர்மின்னேற்றப் பகுதிகள் இருப்பதால், முதலில் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. பக்கத்தில் கராஜீனன் இருந்தால் வைரஸ் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நுழைந்துவிட்ட வைரஸிடம் இந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது.

ஆய்வுக்கூடத்தில் கராஜீனன் எச்.ஐ.வி.யையும் தடுத்தது. அதை நம்பி, தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கராஜீனன் ஜெல்லைச் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது: ஜெல் பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுத்ததாக நிரூபிக்க முடியவில்லை. பலர் அதை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பதும் தெரிந்தது. ஆய்வுக்கூட உயிரணு மறப்பதில்லை, மனிதர் மறப்பார்! எனவே, விடைத்தாளில் 'கராஜீனன் வைரஸைத் தடுக்கும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'ஆய்வுக்கூடச் சோதனையில் தடுத்தது' என்று எழுதுங்கள்.

சாப்பிட்டால்? இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மூக்குக்குப் போய்ச் சேராது. அகாரில் சல்பேட்டும் இல்லாத குறை.

"அப்போ மூக்குலயே அடிச்சா?" என்றாள் அவள். நல்ல கேள்வி. அர்ஜென்டினாவில் 394 மருத்துவமனைப் பணியாளர்களிடம் அதைத்தான் செய்தார்கள். கராஜீனன் தெளிப்பான் பயன்படுத்திய 196 பேரில் 2 பேருக்குக் கோவிட். வெறும் தெளிப்பான் பயன்படுத்திய 198 பேரில் 10 பேருக்கு. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால், மொத்தமே 12 நோயாளிகள், அதுவும் சில வாரங்களுக்குள். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது போதுமா?" என்று வகுப்பையே கேட்டேன். பாதிப் பேர் போதும் என்றார்கள். அவள் கை தூக்கவில்லை.