மலைத்தீயும் மனிதர் கையும்

மலையே இல்லாத யாழ். குடாநாட்டில் வாழும் எமக்கு, மலைத்தீ என்பது தொலைதூரச் செய்தியாகவே தோன்றக்கூடும். ஆயினும் ஊவாவின் மலைச்சரிவுகளை ஆண்டுதோறும் உலர்த்துவது, நாம் இங்கு சோளகம் என அழைக்கும் அதே தென்மேற்குக் காற்றாகும். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகடு தாண்டிக் கிழக்கே இறங்கும்போது இக்காற்று வரண்டு வெப்பமடைகின்றது. இதனாலேயே ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, எல்ல, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் புற்றரைகள் காய்ந்து, தீப்பற்றும் நிலையை அடைகின்றன.

சமதரையில் எரியும் தீயைவிடச் சரிவில் எரியும் தீ கொடியது. சுவாலையும் வெப்பமும் மேல்நோக்கியே செல்வதால், மேலேயுள்ள புல் தீ வந்தடையும் முன்னரே உலர்ந்து பற்றத் தயாராகிவிடுகின்றது. சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளரின் பொதுக்கணக்கு. மனிதரால் அவ்வேகத்தில் மலையேறி ஓட முடியாது.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் திகதி நிகழ்ந்தது இதற்குத் துயரமான சான்றாகும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புற்சரிவில் தீயிற் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அம்மாநில அரசு வகுத்தது.

அமெரிக்காவின் பாலைவன நகரான டூசானை அடுத்த சாண்டா கட்டலினா மலையில் 2020 ஜூன் 5ஆம் திகதி மின்னலால் மூண்ட தீ, ஏறத்தாழ 48,000 ஹெக்டேயரை எரித்து, ஏழு வாரங்களின் பின்னரே கட்டுக்குள் வந்தது. அங்கு மழையின்றியே மின்னல் விழுவதுண்டு. இலங்கையில் மின்னல் பெரும்பாலும் மழையுடனேயே வருகின்றது. எனவே இங்கு மூளும் காட்டுத்தீக்கள் ஏறத்தாழ அனைத்தும் மனிதர் மூட்டியவையே. வேட்டைக்காகவும், மாடுகளுக்கு இளம்புல் தளிர்ப்பதற்காகவும் வைக்கப்படும் தீ, குப்பை எரிப்பு, அணைக்காது விடப்படும் சமையல் நெருப்பு என்பனவே காரணங்கள்.

தீ அணைந்ததுடன் இழப்பு முடிந்துவிடுவதில்லை. புல்லும் வேரும் கருகிய சரிவில், ஒக்டோபர் முதல் பெய்யும் மழை மண்ணை அரித்துச் செல்கின்றது, நீரூற்றுகளும் வற்றுகின்றன. அந்நீரை நம்பி வாழ்வோரில் தோட்டத் தொழிலாளரான எமது உறவுகளும் அடங்குவர்.

காற்றையும் சரிவையும் வரட்சியையும் எம்மால் மாற்ற இயலாது. தீ மூட்டும் கையைத் தடுக்க இயலும். பாடசாலை விடுமுறையிலும் பெருநாள் விடுமுறையிலும் மலையகம் செல்லும் எமது தமிழ், முஸ்லிம் இளைஞர் புற்றரைகளில் நெருப்பு மூட்டுவதையும், எரியும் சிகரெட் துண்டுகளை வீசுவதையும் அறவே தவிர்த்தல் வேண்டும். தீயைக் காண்போர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திற்கு உடன் அறிவிக்கலாம். இங்கும் சோளகம் வீசும் நாட்களில், காவோலை நிறைந்த பனங்காணிகளின் அருகே குப்பைக்குத் தீ வைக்கும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். வடலி ஒன்று பயன்தரும் பனையாக வளர ஒரு தலைமுறை செல்லும். அது கருகுவதற்குச் சில நிமிடங்களே போதும்.