இயங்கும் சேவையகத்தில் மின்வழங்கல் அலகை மாற்றுதல்: விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

தமிழாய்வு இன்று சுவடிப் படிமங்களையும் மின்னூல்களையும் பெரிதும் சார்ந்துள்ளது. அவற்றைத் தாங்குவது சர்வர் எனப்படும் சேவையகம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்கள் மின்சாரம் இழந்தன. இத்தகைய பகுதியில் சேவையகத்தைப் பேணுவோர் அதன் மின்வழங்கல் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

சேவையகங்கள் பலவற்றில் இரண்டு மின்வழங்கல் அலகுகள் உண்டு. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக்குவது இவற்றின் பணி. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று முழுச் சுமையையும் ஏற்கும். ஆதலின், இயக்கத்தை நிறுத்தாமலே பழுதான அலகை மாற்றலாம்.

முதலில் விளக்கின் நிறத்தை நோக்குதல் வேண்டும். பெரும்பாலும் நல்ல அலகு பச்சையாகவும் பழுதானது செம்மஞ்சளாகவும் ஒளிரும். நல்ல அலகைத் தவறுதலாக உருவினால் சேவையகம் அக்கணமே நின்றுவிடும். எழுதப்பட்டுக்கொண்டிருந்த தரவும் சிதையக்கூடும். பழுதானதன் மின்வடத்தைக் கழற்றி, தாழை அழுத்தி, கைப்பிடியைப் பற்றி அலகை வெளியே இழுக்க வேண்டும். அதே வகையும் வாட் அளவும் உடைய புதிய அலகைத் தாழ் விழும்வரை செலுத்தி, மின்வடத்தை இணைத்து, பச்சை விளக்கு எரிவதை உறுதிசெய்தல் வேண்டும்.

இரு அலகுகளும் ஒரே மின்தடத்தில் இணைந்திருப்பின், அத்தடம் அறுந்தால் இரண்டும் ஒருசேர அணையும். எனவே தனித்தனித் தடங்களும் யுபிஎஸ் கருவியும் தேவை. ஊரே இருளும் நாளில் அவையும் நெடுநேரம் தாங்கா. ஆதலின் தரவின் மற்றொரு படி வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஓலை செல்லரிக்குமுன் படியெடுத்துக் காத்தோர் செய்ததும் இதுவே.