தமிழில் சரளமான வாசிப்பும் சொல்லெல்லைச் சிக்கலும்

மாணவரின் வாசிப்புத் திறனை, ஒரு நிமிடத்தில் வாசிக்கப்படும் சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடும் முறை பரவலாக வழங்கி வருகிறது. ஆங்கில வாசிப்புக் கல்வியில் வேரூன்றிய இவ்வளவுகோல் தமிழுக்கு எந்த அளவு பொருந்தும் என ஆராய்வதும், பயிற்சிக்குரிய சில கருத்துகளை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசிப்பின் சரளம் விரைவு மட்டுமன்று. பிழையின்மை, தக்க விரைவு, பொருளுக்கேற்ற தொடர்ப்பிரிப்பு ஆகிய மூன்றும் அமைந்ததே சரளம் எனலாம். லபெர்ஜ், சாமுவேல்ஸ் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி மனிதனின் கவனம் ஓர் எல்லைக்குட்பட்டது. சொற்களை இனங்காண்பதிலேயே அது செலவாகுமாயின், பொருளுணர்வதற்குப் போதிய அளவு எஞ்சுவதில்லை. ஆகவே சொல்லை இனங்காணுதல் முயற்சியின்றி நிகழும் நிலையை மாணவர் எய்துதல் வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு தனித்த தடை உண்டு. ‘அவன் இல்லை’ என்பது ‘அவனில்லை’ எனப் புணரும்போது, முதற்சொல்லின் ஈறும் அடுத்த சொல்லின் முதலும் ‘னி’ என்னும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. சொல்லெல்லை எழுத்துகளுக்கிடையே அமையாமல் எழுத்தினுள்ளேயே அமைகிறது. எழுத்துகளை நன்கறிந்த மாணவரும் இங்குத் தடுமாறுவது இயல்பே.

அளவீட்டையும் இச்சிக்கல் பாதிக்கிறது. ‘வர முடியவில்லை என்றால்’ என இடம்விட்டு அச்சிட்டால் மூன்று சொற்கள். ‘வரமுடியவில்லையென்றால்’ எனச் சேர்த்து அச்சிட்டால் ஒரு சொல். இடம்விடுவதில் அச்சகங்களிடையே சீரான வழக்கு இல்லை. எனவே ஒரே மாணவர் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் வாசித்தாலும், ஒரு பதிப்பின்படி விரைவானவராகவும் மற்றொன்றின்படி பின்தங்கியவராகவும் கணிக்கப்படக்கூடும். மாறாக, ஒலியசைகளை எண்ணினால் இரு வடிவங்களிலும் ஒன்பதே வருகின்றன. (இங்குக் குறிப்பது யாப்பசையை அன்று.) ‘எனக்கில்லை’ என்பதுபோல் உகரம் கெடும் இடங்கள் நீங்கலாக, புணர்ச்சி ஒலியசைத் தொகையைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஆகவே தமிழ் வாசிப்பை ஒலியசையால் அளப்பதே முறையாகும்.

இனிப் பயிற்சி. ஒரு சிறு பகுதியைச் சரளம் கைவரும்வரை பலமுறை வாசிக்கச் செய்யும் மறுவாசிப்பு முறையைச் சாமுவேல்ஸ் 1979இல் விளக்கினார். தமிழில் இதனை இரு படிகளாக அமைக்கலாம். முதற்படியில் சொற்களைப் பிரித்து அச்சிட்ட பகுதியை ஆசிரியர் வாசித்துக் காட்ட, மாணவர் மீண்டும் மீண்டும் வாசிப்பர். அடுத்த படியில் அதே பகுதி புணர்ந்த வடிவில் தரப்படும். பொருள் முன்பே தெரிந்திருப்பதால், கவனம் முழுவதும் சொல்லெல்லையை இனங்காண்பதில் செல்லும். ஒவ்வொரு படியின் இறுதியிலும் கருத்தைத் தம் சொற்களில் கூறச் செய்தல் இன்றியமையாதது. இல்லையேல் பயிற்சி வெறும் விரைவுப் போட்டியாகிவிடும்.

எளிமை கருதி வல்லொற்றுகளை நீக்குவது மட்டும் தகாது. ‘வேலை கொடு’ என்பது பணி தருமாறு வேண்டுவது. ‘வேலைக் கொடு’ என்பது வேல் என்னும் படைக்கருவியைக் கேட்பது. ஒற்று இங்கு வேற்றுமையை உணர்த்தி, வாசிப்பவருக்கு வழிகாட்டுகிறது. புணர்ச்சியைத் தமிழ் வாசிப்பின் தடையாக மட்டும் கருதாமல் அதன் துணையாகவும் கற்பிக்கும் பாடநூல்களே மாணவரைச் சரளமான வாசகராக்கும்.