ககன்தீப் காங்கின் ரோட்டா வைரஸ் ஆய்வுகள்: வேலூர்க் குழந்தைகள் எழுப்பிய வினா

கைக்குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுள் ரோட்டா வைரஸ் முதன்மையானது. அதனைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்ட ககன்தீப் காங் 1962இல் சிம்லாவில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1987இல் மருத்துவப் பட்டமும் 1991இல் நுண்ணுயிரியலில் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கேயே பேராசிரியராக விளங்கினார். 2019இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் அவரது ஆய்வுவாழ்வின் தனித்தன்மை, ஒரு வினாவை விடாது பின்தொடர்ந்ததில்தான் உள்ளது.

அவ்வினா வேலூருக்குப் புதியதன்று. வாய்வழிப் போலியோ சொட்டுமருந்து இங்குள்ள குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு நோய்த்தடுப்பாற்றலை உருவாக்கவில்லை என்பதை அக்கல்லூரியின் தி. ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ரோட்டா வைரஸிலும் இதே நிலையா என்பதை அறிய, காங்கின் குழு 2002 முதல் வேலூரின் ஏழ்மை மிக்க குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தது. களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடுகளுக்குச் சென்றனர். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை மலமாதிரி சேகரிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளை மட்டும் கணக்கிட்டிருந்தால், அறிகுறியின்றி வந்துபோகும் தொற்றுகள் கண்ணுக்குத் தப்பியிருக்கும். மூன்றாண்டுக் கண்காணிப்பை நிறைவு செய்த குழந்தைகள் 373 பேர்.

2011இல் வெளியான முடிவுகள், முன்னர் மெக்சிகோவில் கண்டறியப்பட்டவற்றினின்று வேறுபட்டன. அங்கு இரண்டு தொற்றுகளுக்குப் பின் எக்குழந்தைக்கும் மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. வேலூரிலோ மூன்று தொற்றுகளுக்குப் பிறகும் அத்தகைய நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காடே. ஆறு மாதம் நிறைவதற்குள் 56 விழுக்காட்டுக் குழந்தைகள் முதல் தொற்றைப் பெற்றுவிட்டனர் என்பதும் தெரியவந்தது. இயற்கைத் தொற்றே முழுக்காப்பு தராத சூழலில், அதனைப் போலச் செய்யும் தடுப்பு மருந்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. மருந்தைக் காலந்தாழ்த்தியும் தர இயலாது.

தில்லிக் குழந்தை ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸைக் கொண்டு உருவான ரோட்டாவேக் மருந்தின் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் நடந்தது. வேலூர்ப் பணியில் காங்குக்கு முக்கியப் பங்குண்டு. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்குக்கு எதிராக முதல் ஆண்டில் அதன் செயல்திறன் ஏறத்தாழ 56 விழுக்காடு. செல்வ நாடுகளில் பிற ரோட்டா மருந்துகள் காட்டிய அளவோடு ஒப்பிட்டு இதனைத் தோல்வி எனக் கருதுவது பொருந்தாது. நோய் மிகுந்த இடத்தில், பாதியளவு காப்பே பெருந்தொகையான குழந்தைகளை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விலக்கி நிறுத்தும். 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த இம்மருந்து 6, 10, 14ஆம் வாரங்களில் வழங்கப்படுகிறது. அரைவயதுக்குள் தொற்று பரவும் ஊரில் அவ்வட்டவணையின் பொருள் தெளிவு.

காப்பு குறைவதேன் என்பது தனிச் சிக்கல். குடலில் முன்னரே குடியேறிய நோய்க்கிருமிகள் வாய்வழி மருந்தைத் தடுக்கின்றனவோ என்ற ஐயத்தில், வேலூர்ப் பகுதிக் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்தபின் போலியோ சொட்டுமருந்து அளித்துச் சோதித்தனர். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, தடுப்பாற்றல் உயரவில்லை. எதிர்மறையான இம்முடிவையும் குழு 2016இல் வெளியிட்டது. துத்தநாகமும் நன்மை செய்யும் நுண்ணுயிரிகளும் சேர்த்துக் கொடுத்த மற்றொரு சோதனையிலும் பயன் சிறிதளவே. காரணம் இன்னும் குடலுக்குள்தான் தேடப்பட்டு வருகிறது.